வளவில் வனம் கண்ட மா. கிருஷ்ணன்

காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டு உண்பது நம்மவரின் பழைய வழக்கம். சனிக்கிழமை விரதத்திலும் முன்னோர் திதியிலும் அஃது ஒரு சமயக் கடமையாகவே ஆகிவிடுகிறது. குசினிக்குப் பின்னே, கோடிப்புறத்து வாழை நிழலில், இலைத்துண்டிற் சோற்றை வைத்துக் காகத்தைக் கூவி அழைக்கிறோம். அது வந்து அலகு வைத்த மாத்திரத்தில் நம் மனம் நிறைந்துவிடுகிறது, உள்ளே திரும்பிவிடுகிறோம். காகம் வந்ததா என்பதைக் கவனிக்கும் நாம், காகத்தைக் கவனிப்பதில்லை. வந்தது கழுத்தில் சாம்பல் நிறம் பூண்ட ஊர்க்காகமா, முற்றும் கரிய அண்டங்காகமா? எடுத்த கவளத்தை அங்கேயே விழுங்கியதா, ஓலை இடுக்கில் ஒளித்து வைக்கக் கொண்டு போயிற்றா? இக் கேள்விகள் நமக்கு எழுவதில்லை.

இக் கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டேயிருந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் சென்னை மா. கிருஷ்ணன். இந்தியக் காடுகளின் யானைகளை ஆராய்ந்தவர், வனவிலங்குகளைப் படம் பிடிப்பதில் தமக்கென ஒரு வழி கண்டவர் என்று அவரை அறிந்தோர் பலர். ஆனால், வீட்டுக் கொல்லையில் வந்து தத்தும் குருவிகளையும் அவர் அதே கண்ணாற் கண்டார், அதே அக்கறையுடன் எழுதினார் என்பதை நினைப்போர் சிலரே. அவருடைய பெருமையின் இப் பாதியைப் பற்றியே நான் இங்கு எழுத விழைகிறேன். வெருகற் கரையிலிருந்து சென்னைக்காரர் ஒருவரின் வரலாற்றை ஏன் எழுத வேண்டும் என்று எவரேனும் வினவலாம். அதற்கான விடை இக் கட்டுரையின் போக்கில் தானே புலப்படும்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். எட்டு மக்களுள் கடைசி மகன். தந்தையார் அ. மாதவையா, தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் பத்மாவதி சரித்திரம் எழுதிப் புகழ் பெற்றவர். உப்பு, சுங்கத் துறையிற் பணியாற்றி, ஓய்வுக்குப் பின்னர் பஞ்சாமிர்தம் என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1925ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சி மன்றத்திலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று வாதாடிப் பேசிய அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது. மொழிக்காக வாழ்ந்த தந்தையின் சொற்செட்டும் பிடிவாதமும் மகனுக்கு முதுசொமாக வந்து சேர்ந்தன என்றால் மிகையன்று.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு கிடந்தது. நரி ஊளையிடுவதைக் கேட்கலாம்; பறவைகளுக்குக் குறைவில்லை; வெளிமான்களைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. பதினொரு வயதில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தாராம் கிருஷ்ணன். பிற்காலத்தில் காட்டில் எதைக் கண்டும் அஞ்சாது, எதையும் அச்சுறுத்தாது நிற்கும் பழக்கத்துக்கு அக் கீரியே முதல் ஆசான் போலும்.

மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பெரும் பேறு, தாவரவியற் பேராசிரியர் பைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அவர். மாணவனான கிருஷ்ணன் அவருடன் நீலகிரியிலும் கோடைக்கானலிலும் அலைந்தார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றார். இலையின் விளிம்பையும் காம்பின் வளைவையும் வரையக் கற்ற கை, பின்னர் இறகின் வரியையும் அலகின் நுனியையும் பிழையறத் தீட்டிற்று. செடியையும் புள்ளையும் பிரித்துப் பாராமல், ஒன்றை மற்றொன்றின் வாழ்வாகவே அவர் கண்டதற்கு இக் கல்வியே அடிப்படை.

பட்டங்கள் பெற்றார், 1936ல் சட்டமும் முடித்தார். ஆனால் அவற்றால் நிலையான வாழ்வு அமையவில்லை. தமையனார் அனந்தநாராயணன் நீதித்துறையில் உயர்ந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானார். தம்பியோ சட்டப் பட்டத்தை மூலையில் வைத்துவிட்டு, பத்திரிகைகளுக்குக் கேலிச் சித்திரமும் கட்டுரையும் எழுதிப் பிழைக்கப் பார்த்தார். 1937ல் இந்துமதி அம்மையாரை மணந்தார். அச்சகத்திலும் ஓவியப் பள்ளியிலும் வானொலி நிலையத்திலும் சிறிது சிறிது காலம் வேலை பார்த்தார். எதிலும் நிலைக்கவில்லை.

1942ல் பெல்லாரிக்கு அருகேயுள்ள சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, பிரசார அதிகாரி, மகாராஜாவின் அரசியற் செயலாளர் எனப் பல வேடங்கள் அங்கே அவருக்கு. வேடங்கள் பல, விருப்பம் ஒன்றே. குன்றுகள் சூழ்ந்த அந்நாட்டில் ஆடு மேய்த்தார். கடிதம் சுமக்கும் தூதுப்புறாக்களை வளர்த்தார். எஞ்சிய பொழுதெல்லாம் விலங்கையும் புள்ளையும் பார்த்துக் குறிப்பெழுதினார். உத்தியோகம் செய்வோர் ஓய்வுநேரத்தில் இயற்கையை நாடுவதுண்டு. இவர் இயற்கையை நாடிய நேரம் போக எஞ்சியதில் உத்தியோகம் பார்த்தார் எனலாம்.

இந்தியா விடுதலை பெற்றபின் 1949ல் சண்டூர் தனி ஆட்சியை இழந்தது. வேலையும் போயிற்று. முப்பத்தேழு வயதில், குடும்பத்துடன் சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், அதன்பின் எவரிடத்தும் மாதச் சம்பளம் வாங்கவில்லை. எழுத்தும் ஓவியமும் படமுமே சோறு போட்டன. மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் வீதியிலிருந்த குடும்ப வளவே அவருடைய இருப்பிடமாயிற்று. 1950ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில், நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்த அப் பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் நின்றுபோகாமல் வந்தது. பத்திரிகை உலகில் இத்தகைய நெடும்பயணம் அரிது.

அவ்வளவு காலம் எழுத விடயம் எங்கிருந்து கிடைத்தது? புலியும் யானையும் நாள்தோறும் காட்சி தருவனவல்ல. பெரும்பகுதியைத் தந்தவை காகம், தவிட்டுக்குருவி, மைனா, குயில், அணில், ஓணான் போன்ற வீட்டுப்புறத்து உயிர்களே. 1961ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் பெயரே காடும் கொல்லையும் என்று பொருள்படுவது. காட்டையும் கொல்லையையும் அவர் ஒரே மூச்சிற் சொன்னது வெறும் சொல்லழகுக்காகவன்று. அறிவுக்குத் தூரம் ஒரு தகுதியன்று என்பது அவர் கொள்கை. புலியைக் காண்பதற்குப் பணமும் அதிட்டமும் வேண்டும். காகத்தைக் காண்பதற்குப் பொறுமை ஒன்றே போதும். ஆனால் அப் பொறுமைதான் உலகில் அருமையான பொருளாயிருக்கிறது.

பறவையறிவு என்பது முன்னொரு காலத்திற் துப்பாக்கியின் துணையோடு வளர்ந்தது. நமது மாவட்டத்துக்கே அதில் ஓர் இடமுண்டு. தஸ்மேனியாவிற் பிறந்த வின்சென்ட் லெக் என்னும் பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி, 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணிபுரிந்தார், திருகோணமலையிலும் இருந்தார். இத் தீவின் பறவைகளைப் பற்றி அவர் எழுதி, 1878க்கும் 1880க்கும் இடையே பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூல் இன்றும் அறிஞர்கள் புரட்டிப் பார்ப்பது. நம் கரையின் கொக்கும் உள்ளானும் அதிலே இடம்பெற்றுள்ளன. எனினும், அக்கால முறைப்படி பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்தே அதன் இனம் துணியப்பட்டது. நூலின் அழகிய வண்ணப்படங்களும் அத்தகைய பாடஞ்செய்த உடல்களைப் பார்த்துத் தீட்டியவையே. லெக்கின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் இட்ட அடித்தளம் இல்லாவிடில் பின்வந்தோர்க்குப் பெயர்கூடத் தெரிந்திராது. ஆயினும் ஒரு பறவையை அறிவதற்கு அதைக் கொல்ல வேண்டியிருந்ததே என்னும் துயரம் அந் நூலின் பக்கங்களுக்கிடையே ஒளிந்து கிடக்கிறது.

இத் துயரத்தைத் தீர்க்க வந்தது கமரா. இங்கிலாந்தில் கேர்ட்டன் சகோதரர் இருவர் 1892ல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளுடன் படம் பிடித்தனர். பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டு, உள்ளே கூடாக்கிய மாட்டுத் தோலுருவத்துக்குள் மறைந்திருந்தும் அவர்கள் படமெடுத்ததுண்டு. துப்பாக்கி ஏந்திய கை கமராவை ஏந்தலாயிற்று. உயிர் போகாமலே உருவம் கிடைத்தது. இந்தப் புதிய வழியில் நம்மவருள் முன்னின்று நடந்தவர் கிருஷ்ணன்.

அவருடைய கமராவோ தனிக்கதை. ஒரு கமராவின் உடல், வேறொன்றின் தொலைவில்லை, தாமே செய்து பொருத்திய இணைப்புகள் என, பல உறுப்புகள் கூடி ஒன்றாகிய கருவி அது. அதன் பாரத்தை எண்ணித் தாமே அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் சூட்டியிருந்தார். அசாமின் இயற்கையறிஞர் ஈ. பி. ஜீ அதனைக் கண்டு வியந்து நகைத்திருக்கிறார். அதே காலத்தில் சிங்கப்பூரில் லோக் வான் தோ என்னும் செல்வர் மிகச் சிறந்த கருவிகளைக் கொண்டு பறவைகளைப் படம் பிடித்துப் புகழ் பெற்றார். 1964ல் தாய்வானில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். அவர் படங்கள் அழகானவை. ஆனால் அவருடைய செல்வம் கிருஷ்ணனிடம் இல்லை. இருந்ததைக் கொண்டு இயன்றதைச் செய்வது, அதுவும் பிறர் வியக்கச் செய்வது என்பதே அவர் வழி.

அவர் வண்ணப் படச்சுருளைக் கையாளவில்லை. கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். காட்டில் நடந்து சென்றோ யானைமேல் அமர்ந்தோ எடுத்தாரேயன்றி, மோட்டார் வண்டியிலிருந்து எடுத்தாரல்லர். வண்ணமற்ற படத்தில் பறவையின் பகட்டுக் கண்ணை மயக்குவதில்லை. அது நிற்கும் நிலை, தலை சாய்க்கும் சாயல், பற்றியிருக்கும் கொம்பு, பின்னாலுள்ள இலைச்செறிவு ஆகியவையே முன்வருகின்றன. உயிரை அதன் இருப்பிடத்தோடு சேர்த்துக் காட்டுவதே படம் என்பது அவர் படங்களைப் பார்க்கும் எவர்க்கும் விளங்கும்.

இதனை நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வளவின் கோடியில், கிணற்றுக்கட்டின் பக்கம், ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். சிறிய கமரா ஒன்றினாற் படமும் எடுக்கிறேன். சோற்றுக்கு வருவன சிலவே: காகம், மைனா, தவிட்டுக்குருவி, அணில். தண்ணீருக்கோ எல்லாம் வரும். கொண்டைக்குருவி முதலில் வந்து விளிம்பில் நின்று நாற்புறமும் பார்க்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூச்சலிட்டு வரும்; அவற்றுள் ஒன்று கொம்பிற் காவல் நிற்க, மற்றவை குளிக்கும். கறுப்புத் தலையும் மஞ்சள் மேனியுமான மாம்பழக்குருவி தனியே வந்து தனியே போகும். செண்பகம் நிலத்தில் நடந்தே வந்து, பாம்பைத் தேடுவதுபோற் பத்தைக்குள் நுழைந்துவிடும். காலை வெயில் சாய்வாக விழும் ஒரு மணி நேரமே படத்துக்கு உகந்தது. உச்சி வெயிலில் இறகின் வரியெல்லாம் வெளிறிப்போகும். கிட்டப்போக முயன்றால் பறவை விலகும். ஓரிடத்தில் அசையாதிருந்தால் அதுவே கிட்ட வரும். கிருஷ்ணனின் கட்டுரைகளைப் படித்தபின்பே இவ்வளவையும் பார்க்கத் தொடங்கினேன்.

இங்கே ஒரு கருத்தை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. பறவைக்குத் தீனி வைப்பது நன்று. ஆயினும் அதுமட்டும் போதாது. தேன்சிட்டுச் சோறு உண்பதில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியுமே தங்கள் குஞ்சுகளுக்குப் புழுவையும் பூச்சியையும் தேடி ஊட்டுகின்றன. புழு வேண்டுமானால் அது தின்னும் இலை வேண்டும். அந்த இலையைத் தரும் மரம் இம் மண்ணுக்குரியதாக இருக்கவேண்டும். கிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் போராடியது இதற்காகவே. வெளிநாட்டு அலங்கார மரங்களை வீதியோரங்களிலும் காடுகளிலும் நட்டு, நாட்டு மரங்களைப் புறக்கணிப்பதை அவர் ஓயாது கண்டித்தார். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மொழியிலும் கலையிலும் இருப்பதுபோல, அதன் செடிகொடியிலும் உயிரினத்திலும் இருக்கிறதென்று அவர் கருதினார். தாய்மொழிக்காக வாதாடி மடிந்த தந்தைக்கு, தாய்நிலத்தின் மரங்களுக்காக வாதாடிய மகன்!

மனிதரும் புள்ளும் கூடி வாழ்வது கனவன்று என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள அச் சிற்றூரின் ஏரி மரங்களில் நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கிற் கூடு கட்டுகின்றன. அவற்றை எவரும் சுடக்கூடாதென்று ஊரார் முறையிட்டு, 1798ல் கலெக்டர் பிளேஸ் என்பவரிடம் எழுத்தாணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. ஊரார் காவல் பறவைக்கு அரணாகிறது. இதனைப் பற்றிக் கிருஷ்ணன் விரிவாக எழுதினார். நூலறிவில்லாத உழவர் நூற்றாண்டுகளாகக் காத்துவந்த ஒன்றை, நூலறிந்தோர்க்கு எடுத்துரைத்த பணி அது.

இப்போது நம் வெருகலுக்கு வருவோம். மகாவலியின் கிளை கடலை நாடும் இடத்தில், சித்திரவேலாயுதர் கோயிலும் வயலும் நீர்நிலையும் சூழ அமைந்தது நம் ஊர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக் கரையோரத்தை வருத்திற்று. 2006ல் போர் மூண்டபோது வெருகலும் ஈச்சிலம்பற்றும் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் வாகரை நோக்கி இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது வளவுகள் பற்றையேறிக் கிடந்தன. வீடு திருத்துவதற்குமுன் பற்றையை வெட்டி எரிப்பதே எல்லோருக்கும் முதல் வேலையாயிற்று. பாம்புக்கும் வேறு பயங்களுக்கும் அஞ்சிய நாளில் அஃது இயல்பே. ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் நாம் வெட்டுவதை நிறுத்தவில்லை. வேம்பு நின்ற இடத்திற் சீமெந்துத் தரை. கொவ்வை படர்ந்த வேலியில் தகரம். வாசலில் எங்கோ விளையும் அலங்காரச் செடி. பறவைகள் குறைந்துவிட்டன என்று முறையிடும் நாமே அவற்றின் குடியிருப்பை அழித்துவருகிறோம். இடம்பெயர்தலின் துன்பத்தை அறிந்த நமக்கு, இன்னோர் உயிரின் இடம்பெயர்வு விளங்காமற் போகலாமா?

செய்யவேண்டியது பெரிதன்று. வளவின் ஒரு மூலையைத் துப்புரவு செய்யாமல் விட்டுவைத்தாற் போதும். வேம்பு பழுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் வரும். முருங்கையும் முள்முருங்கையும் பூத்தால் தேன்சிட்டு வரும். பாலை, நாவல், இலந்தை இருந்தால் அழைப்பே வேண்டியதில்லை. நிழலில் ஒரு சட்டி தண்ணீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றினால் விருந்து நிறைவுறும். இதற்கு அரசாங்கம் வேண்டாம், சங்கம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

கிருஷ்ணன் ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளிலும் எழுதினார். அத் தமிழ்க் கட்டுரைகளை இயற்கையறிஞர் சு. தியடோர் பாஸ்கரன் திரட்டி, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக நமக்குத் தந்திருக்கிறார். அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியாதென்போர் அந்நூலை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அருஞ்சொற் பெருக்கமுமில்லை, ஆங்கிலச் சாயலுமில்லை. ஊரார் வழங்கும் பறவைப் பெயர்களைக் கொண்டே நுட்பமான செய்திகள் சொல்லப்படுகின்றன.

காலம் கடந்து சிறப்புகள் வந்தன. 1968ல் நேரு நினைவு ஆராய்ச்சிக் கொடை பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். இந்திய அரசு பத்மசிறீ விருதளித்தது. புலிகளைக் காக்கும் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் இடம்பெற்றார். 1995ல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் உலக ஐந்நூற்றுவர் வரிசையிற் சேர்க்கப்பட்டார். இவற்றால் அவர் மாறவில்லை. இவை வராதிருந்தாலும் மாறியிருக்கமாட்டார். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார். அன்றைய பத்திரிகையிலும் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது. எழுதுகோலைக் கீழே வைக்காமலே விடைபெற்றார்.

சென்னைக்காரரின் வரலாறு நமக்கேன் என்னும் கேள்விக்கு, ஒரு சிறு பறவை விடை தருகிறது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதனை ஆறுமணிக்குருவி என்பர். வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, வாடைக்காற்றுத் தொடங்கும் வேளையில் தெற்கே புறப்படும் அது, வழியிற் சென்னையின் தோட்டங்களிற் களைத்து இறங்குவதுண்டு. பின்னர் அவ்வினம் கடல் கடந்து இலங்கையின் வளவுகளை வந்தடைகிறது. உதிர்ந்த இலைச்சருகும் பத்தை நிழலும் உள்ள வளவிலே அது தங்கும். கூட்டிப் பெருக்கிய வெறுந்தரையில் அதற்கு இரையில்லை. கிருஷ்ணன் எந்தக் கொல்லைகளுக்காக வாதாடினாரோ, அவற்றின் தொடர்ச்சியே நம் கோடிப்புறங்கள். அங்கே ஒரு தோட்டம் அழிந்தால் இங்கே ஒரு குரல் குறையும். இங்கே ஒரு பத்தை எரிந்தால் அங்கே மீண்டு செல்லும் பறவை ஒன்று குறையும். வரும் ஐப்பசியில் வேலியோரச் சருகைக் கூட்டி எரிக்குமுன், மாலை ஆறு மணிவரை சற்றுப் பொறுத்துக் காதுகொடுத்துக் கேட்போமாக.